வீட்டுக்குள் நல்ல காற்று: சிங்கப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைமூட்டம் வந்தால்தான் நமக்குக் காற்றின் ஞாபகமே வருகிறது. மற்ற நாள்களில் வீட்டுக்குள் எதைச் சுவாசிக்கிறோம் என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவர்கள், முன்பதிவுக்கேற்பக் கட்டித்தரும் புது பிடிஓ வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள், அறை வாடகைக்கு இருப்பவர்கள் எனப் பலரும் கேட்கும் கேள்விகள் இவை. ஆஸ்துமா, இதய நோய் போன்றவை இருந்தால் மருத்துவர் சொல்வதற்குத்தான் முதலிடம்.

காற்றுச் சுத்திகரிப்புச் சாதனம் ஒன்றை வாங்கி வைத்தால் போதாதா?

போதாது. காற்றில் ஏற்கெனவே கலந்துவிட்ட தூசியையும் புகையையும் அது கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வடிகட்டும், அவ்வளவுதான். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டும் பூசை மாடத்தில் ஊதுவத்தி எரிந்துகொண்டும் இருந்தால், அது பாவம், ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூடிய அறையில் சேரும் கரியமிலவாயுவை அது எடுக்காது. ஈரப்பதத்தையும் குறைக்காது. சுவரில் பூஞ்சை படர்ந்தால் அதற்கும் அதனிடம் வழி இல்லை.

என்னைக் கேட்டால், முதலில் வீட்டுக்குள் எங்கிருந்து புகையும் ஈரமும் வருகின்றன என்று பாருங்கள். அதைக் குறைப்பதற்குப் பெரும்பாலும் காசு செலவே இல்லை. அப்புறம் ஜன்னல். சாதனம் வாங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ஜன்னலை எந்நேரமும் திறந்து வைப்பது நல்லதா?

புகைமூட்டம் இல்லாத நாள்களில் பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் ஒரே ஒரு ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே வந்து நின்றுவிடும். எதிர்ப் பக்கத்திலும் வழி வேண்டும். வீவக வீடுகளில் வாசலின் மரக்கதவைத் திறந்து, இரும்புக் கதவை மட்டும் பூட்டிவிட்டு, சமையலறை ஜன்னலையும் திறந்தால் வீடு முழுக்கக் காற்று ஓடும். பழைய அடுக்குமாடிகளில் பாட்டிமார் நாள் முழுக்க இப்படித்தான் வைத்திருந்தார்கள்.

டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்கிலிருந்தும், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் தெற்கு, தென்கிழக்குப் பக்கங்களிலிருந்தும் காற்று வீசும். உங்கள் வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிந்தால், எந்த மாதத்தில் எந்த ஜன்னல் வேலை செய்யும் என்பதும் தெரிந்துவிடும். விரைவுச்சாலையை ஒட்டிய வீடாக இருந்தால், காலையும் மாலையும் வாகன நெரிசல் உள்ள நேரத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்தி வையுங்கள்.

ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடுகிறது. காலையில் தலை பாரமாக இருக்கிறது. ஏர்கான்தான் காரணமா?

ஏர்கானைவிட மூடிய அறையே காரணமாக இருக்கலாம். சுவரில் மாட்டும் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் அதே காற்றையே இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி விடுகிறது. இது பலருக்குத் தெரியாது. வெளிக்காற்றில் கரியமிலவாயு ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். கதவும் ஜன்னலும் சாத்திய படுக்கையறையில் இரண்டு பேர் தூங்கினால் சில மணி நேரத்தில் அது 1000-ஐத் தாண்டும். விடிவதற்குள் 2000-க்கு மேல் போவதும் சாதாரணம். இந்த அளவில் விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் புழுக்கம், தலைபாரம், அரைகுறைத் தூக்கம் எல்லாம் வரலாம்.

படுக்கப் போவதற்கு முன் அறையைப் பத்து நிமிடம் நன்றாகத் திறந்து வையுங்கள். தூங்கும்போது கதவை ஒரு கை அளவு திறந்து விட்டு, கூடத்து ஜன்னலையும் திறந்து வைக்கலாம். இல்லாவிட்டால் அறை ஜன்னலில் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் கூடும்தான். அதை ஈடுகட்ட வெப்பநிலையை 25 டிகிரியில் வைத்து மின்விசிறியையும் சேர்த்துப் போடுங்கள்.

ஏர்கானைப் போட்டதும் ஈரத்துணி வாடை வந்தால் விஷயம் வேறு. உள்ளே இருக்கும் குளிர்ச்சுருளிலும் தண்ணீர்த் தட்டிலும் அழுக்கும் பூஞ்சையும் பிடித்திருக்கும். முன்மூடியைத் திறந்து வலையைக் கழுவுவது நீங்களே செய்யக்கூடிய வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். சுருளைக் கழுவுவதை மட்டும் சர்வீஸ்காரரிடம் விடுங்கள்.

சமையல் புகை அவ்வளவு மோசமா? நம் வீட்டில் தாளிக்காமல் எப்படி?

தாளிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. ஆனால் பல வீடுகளில் தினசரிப் புகையின் பெரிய ஊற்று இதுதான் என்பதை மறுக்க முடியாது. சமையலறையின் மேல் அலமாரி உச்சியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாக, பிசுபிசுவென்று தூசியோடு ஒரு படலம் ஒட்டிக்கொண்டு வரும். அது காற்றில் மிதந்து போய்ப் படிந்த எண்ணெய். அலமாரி உச்சி வரை போனது நம் மூக்குக்கு மட்டும் வராமலா இருக்கும்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் புகையை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. அதற்காக வடை சுடுவதை விட்டுவிட வேண்டியதில்லை. எண்ணெய் புகையும் வரை காத்திருக்காமல் கடுகைப் போடுங்கள். கடுகு வெடிக்கப் புகை தேவையில்லை, சூடுதான் தேவை. வற்றல் மிளகாயைக் கருகவிட்டால் வீடு மொத்தமும் இருமும், அது உங்களுக்கே தெரியும்.

புகைபோக்கி இருந்தால் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே போடுங்கள். சமைத்து முடித்து பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து நிறுத்துங்கள். பின்வரிசை அடுப்பில் வறுத்தால் புகை நேராக அதற்குள் போகும். முன்னடுப்பில் வைத்தால் பாதிக்கு மேல் உங்கள் முகத்துக்குத்தான். இங்கே அடுக்குமாடி வீடுகளில் உள்ள புகைபோக்கிகளில் பல, புகையை வெளியே விடுவதே இல்லை. கரி வடிகட்டி வழியாக இழுத்து மறுபடி சமையலறைக்குள்ளேயே விடுகின்றன. எண்ணெயைக் கொஞ்சம் பிடிக்கும், வாடையைக் கொஞ்சம் குறைக்கும். அந்தக் கரியும் சில மாதங்களில் செயலிழந்துவிடும். உங்களுடையது எந்த வகை என்று பாருங்கள். குழாய் வெளியே போகவில்லை என்றால் ஜன்னலைத் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று. சமையலறை ஜன்னல் வழியாகக் காற்று உள்நோக்கி வீசும் நாளில் புகை கூடத்துக்குத்தான் போகும். அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலில் வெளித்தள்ளும் விசிறி ஒன்றைப் போடுவதுதான் வழி.

எரிவாயு அடுப்பின் சுடரே நைட்ரஜன் டைஆக்சைடை உண்டாக்கும். வெறும் தண்ணீர் கொதித்தாலும் அது வரும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், அடுத்தமுறை அடுப்பு மாற்றும்போது இண்டக்ஷன் அடுப்பைப் பற்றி யோசிக்கலாம். தோசைக்கல்லையும் இரும்புக் கடாயையும் அது ஏற்றுக்கொள்ளும். மண்சட்டியை ஏற்காது.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நிறுத்த வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் மருமகள், கேட்கச் சொன்னவர் மாமியார். ஆகவே கவனமாகவே பதில் சொல்கிறேன்.

புகை என்றால் புகைதான். எவ்வளவு வாசனையாக இருந்தாலும் நுரையீரல் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காது. சிங்கப்பூர்ச் சீனர்கள் 60,000 பேருக்கு மேல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டில் நீண்டகாலமாக ஊதுவத்தி கொளுத்துவதற்கும் மூச்சுப்பாதையில் வரும் சில வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நாள் முழுக்க, வருடக்கணக்காக எரிப்பதைப் பற்றிய கவலை அது. வாரத்துக்கு ஒருநாள் பத்து நிமிடம் என்பது அதோடு ஒப்பிடக்கூடியதல்ல.

ஆகவே அளவும் இடமும்தான் முக்கியம். தூபம் காட்டும்போது ஜன்னல்களையும் வாசற்கதவையும் திறந்து வையுங்கள், ஏர்கானை நிறுத்துங்கள். வீடு முழுக்கக் காட்டி முடித்ததும் தூபக்காலைச் சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். கட்டில் ஓரத்தில் அணையும் வரை புகைய விடாதீர்கள். தேக்காவில் பெட்டி பெட்டியாக விற்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் சேர்ந்திருக்கும். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் வரும், ஆகவே மூடிய அறையில் அதைப் பற்றவைக்கவே கூடாது. மின்சாரத் தூபக்காலில் கரி இல்லை. பிசினை மட்டும் சூடாக்கும். புகை குறையும், ஒழியாது.

தினமும் காலையும் மாலையும் ஊதுவத்தி ஏற்றும் வீட்டில், ஒருவேளை விளக்கும் பூவும் மட்டும் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

குழந்தையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நேராகவே சொல்கிறேன். சிசுவின் மூச்சுக்குழாய் மிகச் சிறியது, நம்மைவிட வேகமாக மூச்சு விடும். தலையைத் துவட்டப் பருத்தித் துண்டு போதும்.

கொசு இருக்கிறதே, கொசுவத்தி வைக்காமல் எப்படி ஜன்னலைத் திறப்பது?

நியாயமான கேள்வி, டெங்கி உள்ள ஊர் இது. ஆனால் கொசுவத்தி சரியான விடை அல்ல. 2003-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஒரு கொசுவத்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகளின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம். அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம்.

காந்தப்பட்டையில் ஒட்டும் கொசுவலையை ஜன்னல் சட்டத்தில் பொருத்திவிட்டால் காற்று வரும், கொசு வராது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிப்பது என்பதால், இரவில் மட்டும் சுருள் வைப்பதில் பயனும் குறைவு. பூந்தொட்டித் தட்டுகளையும் ஏர்கான் தண்ணீர் சொட்டும் வாளியையும் கவிழ்த்து வைப்பதுதான் உண்மையான வேலை.

புகைமூட்டம் வந்தால் என்ன செய்வது? எந்த எண்ணைப் பார்ப்பது?

இரண்டு எண்கள் உண்டு. 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) ஒன்று, 1 மணி நேர பிஎம் 2.5 (நுண்துகள்) அளவு இன்னொன்று. இரண்டையும் தேசியச் சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று வட்டாரம் வாரியாக வெளியிடுகிறது. நாளைக்குப் பிள்ளையை விளையாட்டுப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய பிஎஸ்ஐ. இப்போது ஜன்னலைத் திறக்கலாமா என்று பார்க்க பிஎம் 2.5. இந்த வேறுபாடு தெரியாமல், நேற்றைய புகையின் சராசரியைப் பார்த்துவிட்டு இன்றைய தெளிந்த காற்றை வெளியே நிறுத்தி வைப்பவர்கள் நிறையப் பேர்.

பிஎஸ்ஐ 50 வரை நல்ல நிலை, 100 வரை மிதம், 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது, 300 வரை மிகவும் ஆரோக்கியமற்றது, அதற்கு மேல் அபாயம். 1 மணி நேர பிஎம் 2.5 அளவு 55 வரை வழக்கமானது. 56 முதல் 150 வரை உயர்ந்த நிலை. 151-ஐத் தொட்டால் அதிகம், 250-ஐத் தாண்டினால் மிக அதிகம்.

2013 ஜூன் 21 நண்பகலில் அப்போதைய 3 மணி நேரக் குறியீடு 401-ஐத் தொட்டது. அன்று எதிர் புளோக்கே தெரியவில்லை. 2015 செப்டம்பர் 25 அன்று தொடக்க, உயர்நிலைப் பள்ளிகளை மூடினார்கள். சுமத்ரா, கலிமந்தான் பக்கம் கரிநிலக் காடுகள் எரியும்போது தென்மேற்குப் பருவக்காற்று புகையை இங்கே தள்ளிக்கொண்டு வரும். அதனால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை ஒரு கண் வைத்திருங்கள்.

புகை ஏறும்போது வீடு முழுவதையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள், முடியாது. ஓர் அறையைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் சாத்தி, கதவடியில் ஈரத்துண்டு வைத்து, ஏர்கானையும் சுத்திகரிப்புச் சாதனத்தையும் அங்கே ஓடவிடுங்கள். வயதானவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறையில் இருக்கட்டும். குளியலறையின் கண்ணாடிப் பட்டை ஜன்னலைச் சாத்த மறப்பதுதான் வழக்கமான ஓட்டை. அன்றைக்குப் பொரியல் வேண்டாம். இட்லி, ரசம், அவித்தது ஏதாவது போதும். ஊதுவத்தியும் வேண்டாம். பெருக்கினால் படிந்தது மறுபடி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். 1 மணி நேர பிஎம் 2.5 அளவு இறங்கியதும் அரைமணி நேரம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.

வெளியே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம். அறுவைச் சிகிச்சை முகக்கவசம் ஓரங்களில் காற்றை விட்டுவிடும் என்பதால் நுண்துகளுக்கு அவ்வளவாகப் பயன்படாது. மூச்சுத் திணறி, இன்ஹேலருக்கும் அடங்காவிட்டால் தாமதிக்காமல் 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சரி, சாதனம் வாங்கியே தீருவது என்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் சதுர மீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். சிஏடிஆர் என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை கனமீட்டர் சுத்தமான காற்றைத் தருகிறது என்பது அது. வீவக படுக்கையறை ஒன்று 3 மீட்டருக்கு 3.5 மீட்டர், உயரம் 2.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 27 கனமீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்றை வடிகட்ட வேண்டுமானால் 140 அளவுள்ள சிஏடிஆர் வேண்டும். 5 மீட்டருக்கு 4 மீட்டர் கூடத்துக்கு 260.

அந்த எண் முழுவேகத்தில் ஓடும்போது கிடைப்பது. தூங்கும்போது மெதுவாக வைத்தால் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஒரு படி பெரியதாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓடவிடுவது புத்திசாலித்தனம். வடிகட்டி உண்மையான ஹெப்பாவாக (நுண்துகளைப் பிடிக்கும் வகை) இருக்க வேண்டும். எச்13 என்று போட்டிருந்தால் மிக நுண்ணிய துகள்களிலும் 99.95 விழுக்காட்டைப் பிடிக்கும் என்று பொருள். வாடைக்கும் வாயுக்களுக்கும் கரி அடுக்கு தனியாக வேண்டும். மெல்லிய கரிப் படலம் பேருக்குத்தான். ஓசோன் விடும் சாதனங்கள் பக்கமே போகாதீர்கள், ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல் தருவது.

வாங்குவதற்கு முன் மாற்று வடிகட்டியின் விலையைக் கேளுங்கள். சாதனம் மலிவு, வடிகட்டி யானைவிலை என்பது இந்தத் தொழிலின் பழைய தந்திரம். வாங்கியபின் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள்.

பாம்புச் செடி, மணி பிளாண்ட் வைத்தால் காற்று சுத்தமாகுமா?

பார்க்க அழகு. காற்றுக்குப் பயனில்லை. 1989-இல் நாசா ஒரு சிறிய மூடிய பெட்டிக்குள் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய நம்பிக்கை இது. 2019-இல் இப்படிப்பட்ட சோதனைகளைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள், ஜன்னலைத் திறப்பதற்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்றார்கள். அத்தனை செடி வைத்தால் நாம் எங்கே படுப்பது? வைத்திருப்பவர்கள் தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை வந்துகொண்டே இருக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருகிறது.

துடைத்தது பூஞ்சையை, அதை வளர்க்கும் ஈரம் அப்படியே இருக்கிறது. சிங்கப்பூரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத மதியத்தில் 60 பக்கம் இறங்கும். பூஞ்சைக்கு 65, 70 இருந்தாலே கொண்டாட்டம். ஆகவே அலமாரியைத் திறந்து காயவிட மதியமே நல்ல நேரம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஒரு கை இடைவெளி விடுங்கள். குளியலறையை ஒட்டிய சுவரில் ஒட்டி வைத்தால் கேட்கவே வேண்டாம்.

மழைக்காலத்தில் ஈரத்துணியை அறைக்குள் காயப்போடுவது பெரிய காரணம். துணியிலிருந்து போகும் தண்ணீர் எல்லாம் அறைக் காற்றுக்குத்தான் போகிறது. வேறு வழியில்லை என்றால், துணி காயும் அறையில் கதவைச் சாத்தி ஈரம் உறிஞ்சும் சாதனத்தைப் போடுங்கள். வாளியில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் நம்பவே மாட்டீர்கள். அதைத் தினமும் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், நம் வீட்டு பாம் ஷெல்டர். 1990-களின் இறுதியிலிருந்து கட்டிய வீவக வீடுகளில் இருக்கும் அந்தக் கனத்த கதவுள்ள அறை. பெரும்பாலான வீடுகளில் அதுதான் பொருள் வைக்கும் அறை. தடித்த கான்கிரீட், ஜன்னல் கிடையாது. ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் பெட்டியைத் திறந்தால், உள்துணியில் வெள்ளையாய்ப் புள்ளி புள்ளியாக மாவு தூவியதுபோல் இருக்கும். தோல் செருப்பு பச்சை பூத்திருக்கும். கதவை மூடியே வைக்காதீர்கள். தினமும் சில மணி நேரம் திறந்துவிட்டு, ஒரு மேசை விசிறியை உள்நோக்கித் திருப்பி வையுங்கள். அட்டைப் பெட்டிக்குப் பதில் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி பயன்படுத்துங்கள்.

சின்னப் பரப்பு என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். குளோரின் பிளீச் பயன்படுத்தினால் அதோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. நச்சுவாயு வரும். கூரையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கறை வந்தால் அது மேல்வீட்டுக் குளியலறைக் கசிவாக இருக்கலாம். வீவக வீடுகளில் அதைச் சரிசெய்வது மேல்வீடு, கீழ்வீடு இருவரின் கூட்டுப் பொறுப்பு. சண்டைக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

புது வீட்டில் தச்சுவேலை முடிந்து கண் எரிகிறது. எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கண் எரிச்சலுக்குப் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு காரணம். ஒட்டுப்பலகையிலும் அழுத்திய மரத்தூள் பலகையிலும் உள்ள பசையிலிருந்து வருவது. முதல் சில வாரங்களில் அதிகமாக வரும், பிறகு குறையும், ஆனால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் அதுவும் கூடும், நம் ஊரில் இரண்டும் உண்டு. இது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது.

குடிபோவதற்கு முன் சில வாரங்களாவது இடைவெளி விடுங்கள். எல்லா அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து, ஜன்னல் திறந்து, விசிறி போட்டு வையுங்கள். பால் காய்ச்சும் நாளை முன்கூட்டியே குறித்துவிட்டு தச்சரை விரட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கிறது. நல்ல நாளில் பால் காய்ச்சிவிட்டு, பிறகு நிதானமாகக் குடிபோனால் என்ன? அன்னாசிப்பழம், வெங்காயம், காப்பித்தூள் வைப்பதெல்லாம் வாடையை மறைக்குமே தவிர வாயுவை எடுக்காது.

ஒப்பந்தம் போடும்போதே எந்தத் தரப் பலகை என்று எழுதி வாங்குங்கள். ஈ1 தரத்தைவிட ஈ0 தரம் ஃபார்மால்டிஹைடைக் குறைவாக வெளிவிடும். பலகையின் வெட்டிய ஓரங்கள் எல்லாம் மூடப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், உள்பக்கத்தைத்தான் விட்டுவிடுவார்கள். சாயத்தை (பெயிண்டை) பொறுத்தவரை, ஃபார்மால்டிஹைடு 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள உட்புறச் சாயங்களை 2026 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் தயாரிக்கவும் இறக்குமதி செய்யவும் தடை.

காலையில் எழுந்ததும் அடுக்குத் தும்மல். தூசிதானே?

தூசியில் வாழும் உண்ணியாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. பிளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகை சிங்கப்பூர் வீடுகளில் பரவலாக இருக்கிறது. அதன் எச்சம்தான் ஒவ்வாமை தருவது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். உங்கள் இயந்திரத்தில் வெந்நீர் வசதி இல்லை என்றால் சூடான உலர்த்தியில் போடுங்கள். மூங்கில் கழியில் வெயிலில் போடுவது நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மெத்தைக்கு உண்ணி புகாத உறை வாங்குங்கள். கம்பளத்தை எடுத்துவிடுங்கள், இந்த வெக்கையில் யாருக்கு வேண்டும் அது.

பட்டுப்புடவைக்கு அந்துருண்டை வைப்பதில் தவறு உண்டா?

வீட்டில் சிசு இருந்தால் உண்டு. பல அந்துருண்டைகளில் நாஃப்தலீன் இருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகள் அதன் வாடையைச் சுவாசித்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதைத் தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். குறைபாடு இருக்கிறது என்று சொல்லியிருந்தால், அலமாரியில் மட்டுமல்ல, பாட்டி வீட்டிலிருந்து வரும் போர்வையிலும் அந்த வாடை இருக்கக்கூடாது. புடவைக்கு வேப்பிலை, பருத்தித் துணியில் சுற்றல், அவ்வப்போது பிரித்து மடிப்பு மாற்றல் போதும்.

காற்றை அளக்கும் சிறிய கருவிகளை நம்பலாமா?

பிஎம் 2.5 எண்ணை ஓரளவு நம்பலாம். துல்லியத்துக்காக அல்ல, ஏற்ற இறக்கம் பார்க்க. அப்பளம் பொரிக்கும்போது எண் எப்படி ஏறுகிறது, புகைபோக்கி போட்டால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்தால் வீட்டில் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. கரியமிலவாயுவுக்கு என்டிஐஆர் உணரி (அகச்சிவப்பு ஒளியால் நேராக அளப்பது) உள்ளதாக வாங்குங்கள். மலிவுக் கருவிகள் அதை நேராக அளக்காமல் ஊகித்துப் போடும். ஃபார்மால்டிஹைடு எண் என்று அவை காட்டுவது வாசனைத் திரவியம் அடித்தாலும் எகிறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில வெள்ளிக்குக் கிடைக்கும், முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

கீழ்வீட்டுக்காரர் ஜன்னலோரம் சிகரெட் பிடிக்கிறார். என்ன செய்யலாம்?

பொது நடைபாதை, மாடிப்படி, கீழ்த்தளம் ஆகியவற்றில் 2013 முதல் புகைபிடிக்கத் தடை உண்டு. சொந்த வீட்டுக்குள் தடை இல்லை. ஆகவே முதல் வழி பேச்சுதான். நேரத்தைக் கேட்டு அந்த நேரம் ஜன்னலைச் சாத்தலாம், அல்லது அவர் சமையலறைப் பக்கம் போய்ப் பிடிக்கச் சம்மதிக்கலாம். பேசியும் ஆகவில்லை என்றால் சமூக மத்தியஸ்த நிலையத்தை நாடலாம்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் கீழே தகரப் பீப்பாயில் காகிதம் எரிக்கும் புகையைப் பற்றியும் இதே மூச்சில் கேட்கிறார்கள். சில நாள்கள், சில மணி நேரம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பொறுத்துக்கொள்வோம். நம் வீட்டுச் சாம்பிராணி அவர்கள் வீட்டுக்கும் போகிறதுதானே.

ஒற்றை அறை வாடகைக்கு இருக்கிறேன். வீட்டில் எதையும் மாற்ற முடியாது. எனக்கு என்ன வழி?

அறைக் கதவைத் திறந்து, விசிறியை ஜன்னலுக்கு வெளிநோக்கித் திருப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் தேங்கிய காற்று வெளியேறிவிடும். வேலை முடிந்து வந்ததும் முதல் வேலையாக இதைச் செய்யலாம். 2024 ஜனவரி 22 முதல் 4 அறை, அதற்கும் பெரிய வீவக வீடுகளில் உறவினர் அல்லாத 8 பேர் வரை தங்க அனுமதி இருப்பதால், ஆள் கூடிய வீடுகளில் இது இன்னும் அவசியம். அறைக்குள் அரிசிக் குக்கர் வைத்தால் ஆவியும் வாடையும் போர்வையில் ஏறும். வீட்டுக்காரர் 'லேசான சமையல் மட்டும்' என்று சொல்லியிருந்தாலும் அதைச் சமையலறையிலேயே செய்ய அனுமதி கேளுங்கள்.

அடுத்த அறை தேடும்போது, பார்க்கப் போன இடத்தில் ஏர்கானைப் போடச் சொல்லிப் பத்து நிமிடம் நில்லுங்கள். வாடை அடித்தால் எப்போது சர்வீஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள், கூரை மூலையையும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்வீஸ் யார் செலவில் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.